வரப்பில்லா வயல்… வழக்கைத் தீர்க்கும் 12 விவசாயிகள்!

இங்கிலாந்தின் லாக்ஸ்டன் கிராமத்தில் இன்றும் நடக்கும் வயல் நீதிமன்றம்

பக்கத்துப் பக்கத்து நிலம் என்றால், என்றைக்காவது ஒரு நாள் வரப்புத் தகராறு வந்தே தீரும். உழவுக்கு ஒரு சாண் என்று தள்ளிக்கொண்டே போனால், பத்து வருடத்தில் ஒரு பாத்தியே காணாமல் போய்விடும். அதன் பிறகு சர்வேயர், காவல் நிலையம், வக்கீல், வாய்தா என்று அலைச்சல்தான். நிலத்தின் மதிப்பைவிட வழக்குச் செலவு அதிகமாகிவிடுவதும் உண்டு.

இங்கிலாந்தில் உள்ள லாக்ஸ்டன் கிராமத்தின் பெரிய வயல்களில் வரப்பே கிடையாது. வேலி கிடையாது. பலருடைய நிலங்கள் ஒரே வயலுக்குள் நீள நீளமான பட்டைகளாகக் கிடக்கின்றன. இரண்டு பட்டைகளுக்கு நடுவே இருப்பது ஓர் உழவுச்சால் மட்டும்தான். அப்படியானால் தினம் ஒரு சண்டை நடக்க வேண்டுமே? நடப்பதில்லை. வருடத்துக்கு ஒரு முறை, அந்த ஊர் விவசாயிகள் 12 பேர் வயலில் இறங்கி நடக்கிறார்கள். யார் எல்லை தாண்டி உழுதிருக்கிறார்கள் என்று பார்க்கிறார்கள். முளைக்குச்சி அடிக்கிறார்கள். அபராதம் போடுகிறார்கள். ஒரு வாரத்தில் வழக்கு முடிந்துவிடுகிறது.

மன்னர் காலத்துப் பழக்கத்தைச் சுற்றுலாப் பயணிகளுக்காக நடித்துக் காட்டும் நிகழ்ச்சி அல்ல இது. சட்டப்படி செல்லுபடியாகும் தீர்ப்பு. இங்கிலாந்தின் பல பகுதிகளில் ஒரு காலத்தில் இருந்த இந்த ஏற்பாடு, இன்று முழுமையாக உயிரோடு இருப்பது லாக்ஸ்டனில் மட்டும்தான்.

ஒரே தெருவில் எல்லாப் பண்ணைகளும்!

ராபின் ஹுட் கதைகளில் வரும் ஷெர்வுட் காடு பலருக்கும் தெரிந்திருக்கும். அந்தக் காடு இருக்கும் நாட்டிங்ஹாம்ஷயர் மாவட்டத்தில், நியூவர்க் என்ற நகரத்துக்கு வடமேற்கே இருக்கிறது லாக்ஸ்டன். மக்கள்தொகை ஏறக்குறைய 250 பேர். 1086-ம் ஆண்டில் இங்கிலாந்தின் பெரும்பகுதியில் எடுக்கப்பட்ட ‘டூம்ஸ்டே’ நிலக் கணக்கெடுப்பிலேயே இந்த ஊரின் பெயர் இருக்கிறது. ஊருக்கு வடக்கே நார்மன் காலத்து மண்கோட்டையின் மேடு இன்றும் நிற்கிறது. ஊர் நடுவே புனித மிக்கேல் தேவாலயம். அதற்கு அருகே ‘டவ்கோட் இன்’ என்ற விடுதி. நம் ஊர்களில் மந்தையும் டீக்கடையும் எப்படியோ, அப்படித்தான் அந்த ஊருக்கு இந்த விடுதி. வயல் நீதிமன்றம் கூடுவதும் இங்கேதான்.

இங்கிலாந்துக் கிராமப்புறத்தில் பொதுவாக ஒவ்வொரு பண்ணை வீடும் அவரவர் நிலத்தின் நடுவே தனியாக நிற்கும். அடுத்த வீட்டுக்குப் போக வண்டி வேண்டும். லாக்ஸ்டனில் பண்ணை வீடுகள் எல்லாம் ஊர்த்தெருவில் வரிசையாக நிற்கின்றன. வீட்டின் பக்கச் சுவர் தெருவைப் பார்த்து இருக்கும். அதை ஒட்டி முற்றம், தொழுவம், களஞ்சியம். பின்னால் நீண்ட கொல்லை.

காரணம் எளிமையானது. ஒருவருடைய நிலம் ஊரின் நான்கு திசைகளிலும் சிதறிக் கிடக்கும்போது, எந்த நிலத்தில் வீடு கட்டுவது? ஊர் நடுவே இருப்பதுதான் எல்லாப் பக்கமும் போய்வர வசதி. நிலம் சிதறியதால் வீடுகள் சேர்ந்தன. வீடுகள் சேர்ந்ததால், காலையில் டிராக்டரை எடுக்கும்போதே பக்கத்துப் பட்டைக்காரரின் முகத்தைப் பார்த்தாக வேண்டும்.

மூன்று வயல், மூன்று வருடம்

ஊரைச் சுற்றி மூன்று பெரிய திறந்தவெளி வயல்கள் இருக்கின்றன. மேற்கு வயல், தெற்கு வயல், மில் வயல். மூன்றும் சேர்ந்து ஏறக்குறைய 500 ஏக்கர். ஒவ்வொரு வயலுக்குள்ளும் பல விவசாயிகளின் பட்டைகள் இருக்கின்றன. ஒரு விவசாயிக்கு மூன்று வயல்களிலும் பங்கு உண்டு.

பயிர்ச்சுழற்சி வயல் வாரியாக நடக்கிறது. ஒரு வயலில் குளிர்காலக் கோதுமை. இலையுதிர் காலத்தில் விதைத்து, அடுத்த ஆகஸ்ட் வாக்கில் அறுவடை. அடுத்த ஆண்டு அதே வயலில் வசந்த காலத்தில் விதைக்கும் பயிர். முன்பெல்லாம் இது பார்லி, பட்டாணி, மொச்சை வகைகளாக இருந்தது. மூன்றாம் ஆண்டு தரிசு. பிறகு மறுபடியும் கோதுமை. ஒரு வயல் கோதுமையில் இருக்கும்போது, அடுத்தது வசந்தப் பயிரில் இருக்கும். மூன்றாவது ஓய்வில் இருக்கும். ஆக, எந்த வருடமும் எந்தக் குடும்பமும் கோதுமை இல்லாமல் போகாது.

தரிசு என்றால் சும்மா கிடப்பது அல்ல. பழைய காலத்தில் அறுவடை முடிந்த தாளிலும், தரிசு வயலிலும் ஊர் ஆடு மாடுகள் எல்லாம் சேர்ந்து மேயும். புழுக்கையும் சாணமும் நேரடியாக மண்ணில் சேரும். நம் பகுதிகளில் ஆட்டுக்கிடை போடுவதன் பலன் தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ரசாயன உரம் கண்டுபிடிக்கப்படுவதற்குப் பல நூறு ஆண்டுகள் முன்பிருந்தே, ஒரே மண்ணில் கோதுமை எடுத்துக்கொண்டே இருக்க முடிந்ததற்கு இந்த ஓய்வும் எருவும்தான் காரணம். இன்று பொதுமேய்ச்சல் குறைந்துவிட்டது. தரிசு முறை வரும் வயலில் புல், தீவனப் பயிர்களை வளர்த்து அறுத்துக்கொள்கிறார்கள். ஆனால், மூன்று வயல் சுழற்சி மாறவில்லை.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். பட்டை தனித்தனி. உழவு, விதை, அறுவடை, லாப நட்டம் எல்லாம் அவரவர் பாடு. ஆனால், எந்த வயலில் எந்தப் பருவத்தில் பயிர், எப்போது ஓய்வு என்பது ஊரின் முடிவு. ‘என் நிலம், என் இஷ்டம்’ என்று ஒருவர் கிளம்பினால் மொத்த ஏற்பாடும் குலைந்துவிடும். தரிசில் ஆடு மேயும்போது நடுவே ஒருவர் மட்டும் பயிர் வைத்திருந்தால் என்ன நடக்கும் என்று யோசித்தாலே போதும்.

ஏன் சிதறிக் கிடக்கிறது நிலம்?

ஒரே இடத்தில் மொத்தமாக நிலம் இருந்தால் வசதிதானே? இந்தக் கேள்வியை வரலாற்று ஆய்வாளர்கள் நூறு வருடத்துக்கும் மேலாக விவாதித்துவருகிறார்கள். அவர்கள் சொல்லும் காரணங்கள் பல.

முதலாவது, மண். லாக்ஸ்டன் மண் பிசுபிசுப்பான கனத்த களிமண். மேட்டில் ஒரு தன்மை, பள்ளத்தில் ஒரு தன்மை. நல்ல மண் ஒருவருக்கு, மோசமான மண் இன்னொருவருக்கு என்று போகாமல், எல்லோருக்கும் எல்லாவற்றிலும் பங்கு கிடைக்க வேண்டும் என்றால் நிலம் சிதறித்தான் ஆக வேண்டும்.

இரண்டாவது, ஆபத்தைப் பிரித்துக்கொள்வது. ஒரு பக்கம் தண்ணீர் தேங்கிப் பயிர் அழுகினாலும், இன்னொரு பக்கத்துப் பட்டை காப்பாற்றும். பயிர்க் காப்பீடு என்ற பேச்சே இல்லாத காலத்தில் இதுதான் காப்பீடு.

மூன்றாவது, ஏர். அந்தக் களிமண்ணைப் புரட்டக் கனமான கலப்பையும், பல ஜோடி எருதுகளும் தேவைப்பட்டன. ஒரு சிறு குடும்பத்தால் அத்தனை எருதுகளையும் தனியாக வைத்திருக்க முடியாது. பலர் மாடுகளைச் சேர்த்துப் பூட்டி, ஆளுக்கு ஒரு பட்டையாக உழுதுகொண்டு போயிருக்கிறார்கள்.

ஏக்கர் பிறந்த கதை

பட்டைகள் ஏன் நீளமாக இருக்கின்றன என்பதற்குப் பின்னால், நம் பத்திரங்கள்வரை வந்து சேர்ந்த ஒரு கதை இருக்கிறது. நீண்ட எருது வரிசையைத் திருப்புவது பெரும் பாடு. அதனால் திருப்பங்களைக் குறைக்க, சாலை முடிந்தவரை நீளமாக ஓட்டினார்கள். எருதுகள் நின்று மூச்சுவாங்கும் வரை ஓடும் அந்தச் சால் நீளம்தான் ‘ஃபர்லாங்’. ‘ஃபர்’ என்பது உழவுச்சாலைக் குறிக்கும் சொல்லிலிருந்தும், ‘லாங்’ என்பது நீளத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்தும் வந்தவை. பிற்பாடு இது 220 கெஜம் என்று நிலைப்பட்டது.

ஒரு ஃபர்லாங் நீளம், 22 கெஜம் அகலம் கொண்ட பட்டை எவ்வளவு? 4,840 சதுர கெஜம். அதுதான் ஒரு ஏக்கர். ஓர் ஏர் ஒரு நாளில் உழக்கூடிய நிலம் என்பதே ஏக்கரின் பழைய பொருள். 1620-ல் எட்மண்ட் குண்டர் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் 66 அடி நீளத்தில், 100 கண்ணிகளுடன் அளவுச் சங்கிலி ஒன்றை உருவாக்கினார். 66 அடி என்பது அதே 22 கெஜம்தான். அந்தச் சங்கிலியும் ஏக்கர் கணக்கும் ஆங்கிலேயர் ஆட்சியில் இங்கேயும் வந்தன. ஏக்கரை நூறாகப் பிரித்தால் ஒரு சென்ட், அதாவது 435.6 சதுர அடி. ‘ரெண்டு ஏக்கர் நாப்பது சென்ட்’ என்று சாதாரணமாகச் சொல்கிறோமே… அந்த ஏக்கர், லாக்ஸ்டன் மாதிரியான ஊர்களில் எருது ஓட்டியவர்களின் ஒரு நாள் உழைப்பிலிருந்து பிறந்தது.

நவம்பர் கடைசியில் ஒரு நடை

சரி, வரப்பில்லாத வயலில் எல்லையை எப்படிக் காப்பாற்றுகிறார்கள்?

ஒவ்வொரு வருடமும் நவம்பர் கடைசியில் ‘ஜூரி நாள்’ வருகிறது. அந்த வருடம் கோதுமை விதைத்த வயலைப் பார்வையிடும் நாள் இது. 12 விவசாயிகள் கொண்ட குழு, ஒரு தலைவருடன் வயலுக்குப் போகிறது. விதைப்பு முடிந்து, வயல் வெறிச்சென்று இருக்கும் நேரம் என்பதால் எந்தத் தப்பும் கண்ணுக்குத் தப்பாது.

பட்டை பட்டையாக நடக்கிறார்கள். எல்லை மங்கிப்போன இடத்தில் பழைய அடையாளங்களைத் தேடி, அளந்து, மூலைகளில் முளைக்குச்சி அடிக்கிறார்கள். பக்கத்துப் பட்டைக்குள் யாராவது கலப்பையை நுழைத்திருக்கிறார்களா, வண்டிப்பாதையை உழுதிருக்கிறார்களா, பொதுப் புல்தரையைக் கடித்திருக்கிறார்களா, வாய்க்காலைத் தூர்வாராமல் விட்டிருக்கிறார்களா என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறார்கள். பிறகு விடுதிக்குத் திரும்பி, சாப்பிட்டுவிட்டு, யாருக்கு என்ன அபராதம் என்று பேசி முடிவு செய்கிறார்கள்.

இந்த 12 பேரும் அதே வயல்களில் பட்டை வைத்திருக்கும் விவசாயிகள்தான். ஆகவே, பார்வையிடுபவரின் பட்டையும் பார்வைக்கு உட்பட்டதே. ஜூரியில் இருக்கிறார் என்பதற்காக ஒருவருக்கும் சலுகை கிடையாது. இந்த வருடம் அபராதம் போடுபவர், அடுத்த முறை அபராதம் கட்டுபவராக இருக்கலாம். இந்த நினைப்பே தீர்ப்பை நியாயமாக வைத்திருக்கிறது.

அபராதத் தொகை சிறியதுதான். அதனால் யாரும் ஓட்டாண்டி ஆகப் போவதில்லை. ஆனால், ஊரார் முன்னிலையில் பெயரைச் சொல்லி, ‘இவர் இன்ன இடத்தில் எல்லை தாண்டி உழுதார்’ என்று வாசிப்பார்களே… அதுதான் உண்மையான தண்டனை.

சட்டம் விட்டுவைத்த ஒரே ஒரு கோர்ட் லீட்

ஜூரி நாளிலிருந்து ஒரு வாரம் கழித்து, ‘கோர்ட் லீட்’ எனப்படும் ஊர் நீதிமன்றம் அதே விடுதியில் கூடுகிறது. நிலவுடைமையாளர் சார்பில் நியமிக்கப்பட்ட ‘ஸ்டூவர்ட்’ என்ற அதிகாரி தலைமை வகிக்கிறார். வழக்கமாக இவர் சட்டம் படித்தவராக இருப்பார். ‘பெய்லிஃப்’ என்ற ஊழியர் பழைய முறைப்படி குரல் கொடுத்து அவையைத் தொடங்கி வைக்கிறார். வர வேண்டியவர்களின் பெயர்கள் வாசிக்கப்படுகின்றன. ஜூரியின் அறிக்கை வாசிக்கப்பட்டு அபராதங்கள் உறுதி செய்யப்படுகின்றன. அடுத்த கோதுமை வயலைப் பார்வையிட வேண்டிய புதிய ஜூரி அங்கேயே சத்தியப் பிரமாணம் எடுத்துக்கொள்கிறது. சுழற்சிப்படி ஒவ்வொரு வயலுக்கும் மூன்று வருடத்துக்கு ஒருமுறை கோதுமை முறை வருவதால், ஒவ்வொரு வயலும் மூன்று வருடத்துக்கு ஒருமுறை அளவெடுக்கப்படுகிறது. எல்லை நகர்ந்தாலும் அதற்கு மேல் நகர வழியில்லை.

நடுக்கால இங்கிலாந்தில் ‘மேனர்’ என்பது ஏறக்குறைய ஜமீன் மாதிரியான அமைப்பு. ஒவ்வொரு மேனருக்கும் இப்படி ஒரு நீதிமன்றம் இருந்தது. காலப்போக்கில் பெரும்பாலானவை மறைந்தன. எஞ்சியவை வருடத்துக்கு ஒரு விருந்து வைக்கும் சடங்காக மாறின. 1977-ல் இங்கிலாந்து நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றி, இத்தகைய பழைய நீதிமன்றங்களின் விசாரணை அதிகாரத்தை ரத்து செய்தது. கோர்ட் லீட்களில் லாக்ஸ்டனுக்கு மட்டும் விதிவிலக்கு கொடுத்தது. அங்கே நடப்பது சடங்கு அல்ல. வயலை நடத்தும் அன்றாட வேலை என்பதுதான் காரணம்.

யாருக்கும் சொந்தமில்லாத புல்

வயல்களுக்கு நடுவே, தண்ணீர் வடியும் தாழ்வான இடங்களில் உழாமல் விடப்பட்ட புல்தரைகள் உண்டு. இவற்றுக்கு ‘சைக்’ என்று பெயர். களிமண்ணில் ஏர் இறங்காத ஈரப் பகுதிகள் இவை. கோடையில் இந்தப் புல்லை ஏலம் விடுகிறார்கள். எடுத்தவர் அறுத்து வைக்கோலாக்கிக்கொள்கிறார். கிடைக்கும் பணம் ஊரில் பொது உரிமை உள்ளவர்களின் கணக்குக்குப் போகிறது.

பல நூறு ஆண்டுகளாக உழவும் ரசாயனமும் படாததால், வேறு இடங்களில் அரிதாகிப்போன காட்டுப்பூக்களும் புல் வகைகளும் இங்கே பிழைத்திருக்கின்றன. அதனாலேயே இந்தப் புல்தரைகள் அரசின் சிறப்புப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டுள்ளன. ஜூரி நாளில் பொதுப் புல்தரையைக் கடித்து உழுதவர்களுக்கு அபராதம் போடுவது ஏன் என்பது இப்போது புரியும். பொது இடத்தைக் காப்பாற்ற ஊரில் யாரோ ஒருவர் வருடா வருடம் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். பார்க்காத பொது இடம், பத்து வருடத்தில் யாரோ ஒருவரின் நிலமாகிவிடும்.

அலைந்து திரியும் கால்நடைகளை அடைக்கும் பட்டி ஒன்றும் ஊரில் இருக்கிறது. நம் ஊர்களில் பெரியவர்கள் ‘மாட்டைப் பவுண்டுல அடைச்சுட்டாங்க’ என்பார்களே, அதே பவுண்டுதான். பயிரை மேய்ந்த மாட்டைப் பிடித்து அடைப்பதற்கென்றே அந்தக் காலத்தில் ஓர் ஊழியர் இருந்தார். அபராதம் கட்டினால்தான் மாடு வீட்டுக்கு வரும்.

1635-ம் ஆண்டின் ‘எஃப்.எம்.பி’!

எல்லை என்றால் ஆவணம் வேண்டுமே? லாக்ஸ்டனிடம் இருப்பது சாதாரண ஆவணம் அல்ல. 1635-ல், அப்போதைய நிலவுடைமையாளர் சர் வில்லியம் கோர்ட்டனுக்காக மார்க் பியர்ஸ் என்ற சர்வேயர் ஊர் முழுவதையும் அளந்தார். பெரிய வண்ண வரைபடம் ஒன்றும், அதற்கு இணையான நிலப்பதிவேடு ஒன்றும் தயாரானது. வயல்களில் இருந்த ஆயிரக்கணக்கான பட்டைகளும் அதில் ஒவ்வொன்றாக வரையப்பட்டன. எந்தப் பட்டை யார் வசம், எவ்வளவு அளவு என்பதெல்லாம் பதிவேட்டில் இருக்கிறது. வரைபடத்தின் இடைவெளிகளில் உழவு, அறுவடை, வேட்டைக் காட்சிகளைக் குட்டிக் குட்டிச் சித்திரங்களாக வரைந்திருக்கிறார்கள்.

ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் பொட்லியன் நூலகத்தில் இந்த வரைபடம் பத்திரமாக இருக்கிறது. 1938-ல் வேளாண் பொருளாதார அறிஞர் சி.எஸ்.ஆர்வினும் அவர் மனைவியும் லாக்ஸ்டனை ஆராய்ந்து ‘திறந்த வயல்கள்’ என்ற பொருளில் ஒரு நூல் வெளியிட்டார்கள். உலகின் கவனம் இந்த ஊர் மேல் விழ அதுவும் ஒரு காரணம்.

வேலி விழுங்கிய ஊர்கள்

ஒரு காலத்தில் மத்திய இங்கிலாந்தின் பெரும்பாலான ஊர்கள் லாக்ஸ்டன் மாதிரிதான் இருந்தன. பிறகு என்ன ஆயிற்று?

வேலி வந்தது. சிதறிய பட்டைகளையும் பொது மேய்ச்சல் நிலத்தையும் ஒன்றாக்கி, ஆளுக்கு ஒரு துண்டாகப் பிரித்து, புதர்வேலி நட்டு அடைப்பதற்கு ‘என்க்ளோஷர்’ என்று பெயர். ஊரின் பெரிய நிலக்காரர்கள் நாடாளுமன்றத்தில் மனு கொடுப்பார்கள். அந்த ஊருக்கென்று ஒரு சட்டம் வரும். ஆணையர்கள் வந்து நிலத்தை மறுபடி பங்கிடுவார்கள். 1604-லிருந்து 1914 வரை இப்படி 5,200-க்கும் அதிகமான சட்டங்கள், 68 லட்சம் ஏக்கர் நிலத்தை வேலிக்குள் கொண்டுவந்தன. இங்கிலாந்தின் மொத்தப் பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்று அதிகம் இது.

இதனால் நன்மையே இல்லை என்று சொல்ல முடியாது. தனித் துண்டாக நிலம் கிடைத்தவர் வடிகால் வெட்டினார். டர்னிப், தீவன மசால் என்று புதிய சுழற்சிகளை இஷ்டப்படி செய்து பார்த்தார். கால்நடைகளைத் தரம் பிரித்து வளர்த்தார். ஆனால், சின்ன விவசாயிக்கு நடந்தது வேறு. சர்வே செலவு, சட்டச் செலவு, வேலிச் செலவு எல்லாம் அவர் தலையிலும் விழுந்தன. கையில் கிடைத்த சிறு துண்டை விற்றுக் கடனை அடைத்தவர்கள் பலர். பட்டையே இல்லாத கூலிக் குடும்பங்களுக்கு, பொது நிலத்தில் ஒரு பசு மேய்க்கவும், விறகு பொறுக்கவும் இருந்த வழி அடைபட்டது. ஊரில் விவசாயியாக இருந்தவர், கூலியாக அல்லது நகரத்து ஆலைத் தொழிலாளியாக மாறினார்.

லாக்ஸ்டனிலும் 18-ம் நூற்றாண்டில் ஒரு பகுதி நிலம் அடைக்கப்பட்டது. மீதி தப்பியதற்குக் காரணம் யாருடைய லட்சியமும் அல்ல. ஊரின் இரண்டு பெரிய நிலக்கிழார்களான மான்வர்ஸ் பிரபு குடும்பத்துக்கும், ஸ்கார்பரோ பிரபு குடும்பத்துக்கும் நிலத்தைப் பங்கிட்டுக்கொள்வதில் ஒத்துப்போகவில்லை. பெரியவர்களின் சண்டையில் ஊர் பிழைத்தது என்றே சொல்லலாம்!

காப்பாற்றிய கைகள்… மாறிய கைகள்

20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மான்வர்ஸ் குடும்பம் பட்டைகளை ஓரளவு ஒன்றுசேர்த்துப் பெரிதாக்கியது. எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது. இல்லாவிட்டால் டிராக்டரும் கதிரடிக்கும் இயந்திரமும் வந்த காலத்தில் அந்த வயல்கள் தாக்குப்பிடித்திருக்காது. ஆண் வாரிசு இல்லாத ஆறாவது மான்வர்ஸ் பிரபு, 1952-ல் ஊர் நிலத்தை வேளாண் அமைச்சகத்துக்கு விற்றார். திறந்த வயல் முறை தொடர வேண்டும் என்பது இதன் நோக்கம். 1981-ல் அது, அரச சொத்துகளை நிர்வகிக்கும் ‘கிரவுன் எஸ்டேட்’ கைக்குப் போனது.

2018-ல் கிரவுன் எஸ்டேட் அதை விற்கப்போவதாக அறிவித்தபோது, ஊரில் கவலை சூழ்ந்தது. வாங்குபவர் வெறும் லாபம் பார்ப்பவராக இருந்தால்? பட்டைகளை ஒன்றாக்கி ஒரே பெரிய பண்ணையாக்கிவிட்டால்? 2020-ல் அந்த நிலம் தோர்ஸ்பி எஸ்டேட் வசம் போனது. மான்வர்ஸ் குடும்ப வழிவந்தவர்களின் எஸ்டேட் இது. விற்ற குடும்பத்தின் வழிவந்தவர்களிடமே ஊர் திரும்பிவந்தது.

ஆனாலும், இதோடு கவலை தீர்ந்துவிடவில்லை. லாக்ஸ்டன் விவசாயிகள் யாரும் பட்டைகளை மட்டும் நம்பிப் பிழைக்க முடியாது. எல்லோருக்கும் வயலுக்கு வெளியே வேலி போட்ட நிலமும் இருக்கிறது. சிதறிய பட்டைகளுக்கு இயந்திரத்தை இடம் மாற்றி இடம் மாற்றி ஓட்டினால் டீசல் செலவு, நேரம் இரண்டும் கூடும். பிள்ளைகள் வேறு வேலைக்குப் போகிறார்கள். ஒரு பண்ணை காலியானால், அதன் பட்டைகள் மிச்சமிருக்கும் பண்ணைகளுக்குப் போகின்றன. விவசாயிகள் எண்ணிக்கை குறைந்துகொண்டே வருகிறது.

இதில் உள்ள ஆபத்து எளிதாகக் கண்ணுக்குத் தெரியாது. வயலைப் பார்வையிட 12 பேர் வேண்டும். அவர்கள் வயலறிந்தவர்களாக இருக்க வேண்டும். எல்லாப் பட்டைகளும் இரண்டு மூன்று பேர் கைக்குப் போய்விட்டால், யார் யாரைப் பார்வையிடுவது? வயல் அப்படியே இருக்கும். வரைபடம் நூலகத்தில் இருக்கும். சட்டமும் இருக்கும். ஆனால், ஒருவருக்கொருவர் கணக்குச் சொல்ல வேண்டிய அக்கம்பக்கத்தார் இருக்க மாட்டார்கள்.

வேண்டியது மூன்று

லாக்ஸ்டனின் மூன்று வயல் முறையை வேறு மண்ணில் அப்படியே கொண்டுபோய் வைக்க முடியாது. ஆனால், இத்தனை நூற்றாண்டுகள் அது நின்றதற்கான காரணங்கள் எந்த ஊர் விவசாயிக்கும் விளங்கக்கூடியவை. ஒன்று, விதி எல்லோருக்கும் தெரிந்த விதியாக இருக்கிறது. எழுத்திலும் வரைபடத்திலும் இருக்கிறது. இரண்டு, தவறு நடக்கிறதா என்று பார்க்க நாள் குறித்து, நேரில் போகிறார்கள். மனக்கசப்பு வளர்ந்து வழக்காகும் வரை யாரும் காத்திருப்பதில்லை. மூன்று, தண்டனை சிறியது. ஆனால் தவறாமல் வருவது. அதை விதிப்பவர்களும் அதே சேற்றில் நிற்பவர்கள்.

வரப்பு இல்லாத வயலைக் காப்பாற்றியது பாசமும் அல்ல, பயமும் அல்ல. வருடம் தவறாமல் ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு, குளிரில் நடக்கச் சம்மதித்த 12 பேர்தான்.

---

எழக்கூடிய சில கேள்விகள்… பதில்கள்

பட்டை நிலம் விவசாயிக்குச் சொந்தமா?
பெரும்பாலும் இல்லை. நிலம் எஸ்டேட்டுக்குச் சொந்தம். விவசாயிகள் குத்தகைதாரர்கள். பண்ணை வீடு, வேலி போட்ட நிலம், மூன்று வயல்களிலும் உள்ள பட்டைகள் எல்லாம் சேர்ந்ததுதான் ஒரு குத்தகை.

பட்டையில் விரும்பிய பயிரைப் போடலாமா?
வயலின் சுழற்சிக்கு உட்பட்டுத்தான் போடலாம். கோதுமை முறை வரும் வயலில் கோதுமை. தரிசு முறை வந்தால் ஓய்வு அல்லது புல், தீவனம். வேலி போட்ட சொந்தப் பொறுப்பு நிலத்தில் அவரவர் விருப்பம்.

இங்கிலாந்தில் இதுபோல வேறு இடங்களே இல்லையா?
டெவன் மாவட்டத்தின் பிரான்டன் ஊரிலும், லிங்கன்ஷயரின் ஆக்ஸ்ஹோம் பகுதியிலும் பட்டை வயல்கள் எஞ்சியிருக்கின்றன. ஆனால், மூன்று வயல் சுழற்சியும், அதை நடத்தும் நீதிமன்றமும் சேர்ந்து உயிரோடு இருப்பது லாக்ஸ்டனில்தான்.

இங்கிலாந்தில் படிக்கும், வேலை பார்க்கும் பிள்ளைகள் இருந்தால் போய்ப் பார்க்கலாமா?
பார்க்கலாம். வயல்களுக்கு நடுவே பொது நடைபாதைகள் உண்டு. பயிரை மிதிக்காமல் பாதையிலேயே நடக்க வேண்டும். மண்கோட்டை மேடு, தேவாலயம், பட்டி, ஊர்த்தெருப் பண்ணை வீடுகள் எல்லாம் நடக்கும் தூரத்தில். மூன்று வயல்களும் மூன்று நிறத்தில் தெரிய வேண்டும் என்றால், கோதுமை முற்றும் ஜூலை மாதம் நல்ல நேரம்.